வந்த வழி கேட்கும் கல்யாணம்

வசுந்தரா மேடத்தின் வகுப்பில் முதல் நாள் பாடம் நடக்காது. மூன்றாம் ஆண்டு வரலாற்று மாணவர்களுக்கு 'தேசியம்: கோட்பாடுகளும் வரலாறும்' என்று ஒரு தாள் உண்டு. பெயரைப் பார்த்ததுமே பாதிப் பேர் கடைசி பெஞ்சுக்கு நகர்ந்துவிடுவார்கள். மேடம் ஆளுக்கொரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "உங்க ஆளுங்க எங்கேருந்து வந்தாங்க? வீட்ல கேட்டு ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க" என்பார். எழுதி வந்த பிறகு அடியில் மூன்று வரி சேர்க்கச் சொல்வார். இதைச் சொன்னது யார்? அவருக்குச் சொன்னது யார்? இதனால் யாருக்குப் பெருமை? மூன்றாவது வரியில்தான் பிள்ளைகள் பேனாவைக் கடிப்பார்கள்.

இருபத்தேழு வருடமாக இப்படித்தான் நடக்கிறது.

"தேசம் ஆதியிலேருந்தே இருக்குன்னு ஒரு கட்சி சொல்லுது. இல்ல, அச்சும் ரயிலும் பள்ளிக்கூடமும் வந்த பிறகு மனுஷன் உண்டாக்குனதுன்னு இன்னொரு கட்சி. உண்டாக்குனதுதான், ஆனா மக்களோட பழைய ஞாபகத்தை வச்சுத்தான் உண்டாக்க முடிஞ்சதுன்னு மூணாவது கட்சி" என்று அடுத்த நாள் பாடத்தைத் தொடங்குவார்.

"நீங்க எந்தக் கட்சி மேடம்?"

"நான் உங்க பேப்பரைத் திருத்துற கட்சி."

அவருடைய சொந்தப் பக்கம் மதுரை மகாலுக்குப் பின்னால் ஒரு சந்தில் தொடங்குகிறது. வீட்டில் சௌராஷ்டிர மொழி, தெருவில் தமிழ். அப்பா புடவைக் கடையில் விற்பனையாளர். ஆறாம் வகுப்பில் ஒரு டீச்சர், "நீங்கல்லாம் எந்த ஊர்?" என்று கேட்டார். "மதுரை" என்றாள் சிறுமி வசுந்தரா. "அதுக்கு முன்னாடி?" என்றார் டீச்சர். வகுப்பே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் யாரிடமும் அந்த இரண்டாவது கேள்வி போகவில்லை. கோபத்தில்தான் வரலாறு எடுத்தேன் என்று இப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அந்த இரண்டாவது கேள்வியை அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் மரியாதையாகவே கேட்பார்கள். பெண் வீட்டார் சார்பில் ஒருவர் எழுந்து மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்து, "எங்கிருந்து வந்தீர்கள்? எந்த வழியாக வந்தீர்கள்?" என்பார். அவர்கள் ஊர் ஊராகச் சொல்வார்கள். குஜராத்தின் சௌராஷ்டிர நாடு, தேவகிரி, விஜயநகரம், மதுரை. பதில் முடிந்ததும் கேட்டவர், "வழி சரி. உட்காருங்கள்" என்பார். அதன் பிறகுதான் மற்றது. வசுந்தராவின் அண்ணன் சௌரிராஜன் நாற்பது கல்யாணங்களில் இதைக் கேட்டிருக்கிறார். அவருக்கு மைக் தேவையில்லை.

அந்த வழியில் எந்த இடத்துக்கு ஆதாரம் இருக்கிறது, எது பின்னால் சேர்ந்தது என்பது மேடத்துக்குத் தெரியும். தெரிந்தும், "மதுரை" என்ற கடைசிச் சொல் விழும்போது ஒவ்வொரு தடவையும் அவரும் உதட்டுக்குள் சேர்ந்து சொல்வார்.

மகள் வித்யாஸ்ரீ தன்னோடு வேலை பார்க்கும் முத்துப்பாண்டியைக் கட்டிக்கொள்ள விரும்பினாள். செக்கானூரணிக்கு மேற்கே விவசாயக் குடும்பம். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு பிறகு சம்மதித்தார்கள். வித்யாஸ்ரீ கேட்டது ஒன்றுதான். "அம்மா, எனக்கும் மாமா வழி கேக்கணும். அது இல்லாம என்னை அனுப்பிடாதீங்க."

"கேப்பார்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார் மேடம்.

சௌரிராஜன் மாட்டேன் என்றார்.

"பதில் சொல்ல ஆள் இல்லாத கேள்வியை நான் யார்கிட்ட கேக்கறது, வசு? வேணும்னா நம்ம பதிலையே எழுதிக் கொடு. மனப்பாடம் பண்ணிட்டு வந்து சொல்லட்டும்."

"அவங்க வாயால தேவகிரின்னு சொல்ல வைக்கறதா? அது பொய் அண்ணா."

"அப்போ அவங்க என்ன சொல்வாங்க? 'நாங்க எங்கேருந்தும் வரல, இங்கேயே இருந்தோம்'பாங்க. முன்னூறு பேர் முன்னாடி. அப்ப நாம யாரு? குடிவந்தவங்களா?"

ஆறாம் வகுப்பு டீச்சரின் குரல் மேடத்தின் காதில் இன்னும் இருந்தது.

மறுவாரம் முத்துப்பாண்டியின் அம்மா அன்னக்கொடி முகூர்த்தப் புடவை விஷயமாக கே.கே. நகரில் மேடத்தின் வீட்டுக்கு வந்தார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கி உட்கார்ந்ததும் மேடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னார்.

"குசராத்துலருந்து வந்தேன்னு நான் சொல்லணுமாக்கும்?" அன்னக்கொடி தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார். "எங்க மாமனாரு வெட்டுன கெணத்துத் தண்ணியக் குடிச்சவ நானு. செத்தாலும் சொல்லமாட்டேன் மதினி."

"சொல்ல வேண்டாம். உங்க வழியைச் சொல்லுங்க."

"எங்களுக்கு ஏது வழி? நாங்க இங்கனயேதான் இருக்கோம்."

மேடம் விடவில்லை. வகுப்பில் கேட்பதுபோலவே கேட்டார். "உங்க குலசாமி கோயில்ல என்ன இருக்கு?"

"பொட்டிதான். செவராத்திரிக்குத் தலையில தூக்கிட்டுப் போவோம். அதுக்குள்ளதான் சாமி பொருளெல்லாம்."

"இங்கேயே இருந்தவங்களுக்குப் பெட்டி எதுக்கு?"

அன்னக்கொடி சொம்பைத் தரையில் ஒரு சுற்றுச் சுற்றினார். "கெழக்க இருந்து தூக்கியாந்ததுன்னு சொல்லுவாக" என்றார் மெல்ல. உடனே முகம் சிவந்தது. "அதுக்காக எங்கள வந்தேறிங்கிறீகளா?"

"நான் அப்படிச் சொல்வேனா? அந்தச் சொல்லை எம்புட்டுத் தடவை வாங்கியிருக்கேன் தெரியுமா?"

அன்னக்கொடி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சொம்பை எடுத்து மீதித் தண்ணீரைக் குடித்தார். "ஒங்க அண்ணன கேக்கச் சொல்லுங்க. நான் பாத்துக்கிறேன். ஆனா நீங்க எழுதிக் குடுக்கப்புடாது."

அதை அப்படியே அண்ணனிடம் சொன்னார் மேடம். "கேளுங்க. அவங்க சொல்றது நமக்கு அவமானம்னா, நானே எழுந்து நிறுத்திடறேன்." சௌரிராஜன் அரை மனதாகத் தலையாட்டினார்.

கல்யாணம் திருப்பரங்குன்றத்தில், காலை முகூர்த்தம். சௌரிராஜன் எழுந்தார். முதலில் சௌராஷ்டிரத்தில் கேட்டார். பிறகு, நாற்பது கல்யாணத்தில் செய்யாத விஷயமாக, தமிழிலும் கேட்டார். "எங்கிருந்து வந்தீர்கள்? எந்த வழியாக வந்தீர்கள்?"

அன்னக்கொடி எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினார்.

"செக்கானூரணியிலருந்து ரெண்டு பஸ்ஸு பிடிச்சு வந்தோம்ணே."

மண்டபம் சிரித்தது. சௌரிராஜன் சிரிக்கவில்லை. அன்னக்கொடியும் சிரிப்பை நிறுத்தினார்.

"அதுக்கு முன்னாடி எங்கன்னு கேக்கறீக. சாமிப் பொட்டியத் தலையில வச்சுக் கெழக்கருந்து வந்தோம். எந்த ஊரு, எந்த ராசா காலம்னு ஆருக்கும் தெரியாது. தெரியாதத நான் சொல்லமாட்டேன். வந்து கரட்டுப் பாறைய ஒடச்சோம், கெணறு வெட்டுனோம், பிள்ளைகளப் படிக்க வச்சோம். வந்ததுக்கு முந்துன கத எங்ககிட்ட இல்ல. வந்ததுக்குப் பிந்துன கதையக் கேளுங்க, சோத்துப் பந்தி முடியிற வரைக்கும் சொல்லுவேன்."

சௌரிராஜன் நின்றுகொண்டே இருந்தார். மணையில் வித்யாஸ்ரீ மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, பாஸா பெயிலா?" என்றார் அன்னக்கொடி.

"வழி சரி" என்றார் சௌரிராஜன். அந்தக் குரலுக்கு மண்டபத்தின் கடைசி வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்களும் திரும்பினார்கள். "உட்காருங்க தங்கச்சி."

"நான் உக்கார்றது இருக்கட்டும். நாங்களும் கேக்கணும்ல? நீங்க எந்த வழியா வந்தீக? மதினி சொல்லட்டும்."

அந்தச் சடங்கில் பெண் வீட்டாரை யாரும் கேட்டதில்லை. அன்னக்கொடிக்கு முன் எந்தப் பெண்ணும் அதில் எழுந்து பேசியதும் இல்லை. மேடம் அண்ணனைப் பார்த்தார். அவர் தள்ளி நின்று இடம் விட்டார்.

மேடம் சொன்னார். சௌராஷ்டிர நாடு என்றார், தேவகிரி என்றார், விஜயநகரம் என்றார். இதைச் சொன்னது யார், ஆதாரம் எது என்று அன்று அவர் எந்த வரியும் சேர்க்கவில்லை. யாருக்குப் பெருமை என்ற மூன்றாவது வரியின் பதில் மட்டும் அவர் முகத்திலேயே இருந்தது. மதுரையை இந்தத் தடவை வாய்விட்டுச் சொன்னார். அங்கேயும் நிற்காமல், "மகால் பின்னாடி சந்து. அங்கேருந்து கே.கே. நகர்" என்றார்.

"மூணாவது மாடி. லிப்ட் கிடையாது" என்று அவர் கணவர் ராஜகுரு மேடைக்குக் கீழேயிருந்து சேர்த்தார்.

அன்னக்கொடி கையைத் தூக்கி மண்டபத்தின் சிரிப்பை அடக்கினார். தீர்ப்புச் சொல்லும் முறை இப்போது அவருடையது. அதை அவர் அவசரப்பட்டு விட்டுவிடவில்லை.

"அம்புட்டுப் படியும் ஏறிப் பாத்தவ சொல்றேன். வழி சரி. உக்காருங்க மதினி."