பன்னிரண்டாவது நிமிடம்

எங்கள் கல்லூரியில் டாக்டருக்குப் படிப்பவர்களும் பார்மசி படிப்பவர்களும் ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டே முகம் கொடுத்துப் பேசாமல் படிப்பை முடித்துவிடுவார்கள். அவர்களைச் சேர்ந்து வேலை செய்யப் பழக்குவது என் தலையில் விழுந்த வேலை. அதற்கென்று ஒரு பொய் வார்டு வைத்திருக்கிறோம். கட்டில், திரை, நாற்காலி, தரையில் ஒரு மெத்தை. அங்கே பொய் நோயாளியாக உட்காருகிறவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் மயக்கக்கா.

வயது நாற்பத்தொன்பது. முன்பு துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவர். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று ஆசை காட்டி அழைத்து வந்தவள் நான்தான். உட்காருவது பன்னிரண்டு நிமிடம், அப்புறம் விழ வேண்டும் என்பதைப் பிறகு மெல்லச் சொன்னேன். அம்மாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அவர் மகள் “ஆஸ்பத்திரியில” என்று நிறுத்திக்கொள்வாளாம். “விழற வேலைன்னு சொன்னா யாரு மேடம் நம்புவா?” என்பார் அக்கா.

கதை இதுதான். நோயாளி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். மூட்டுவலிக்கென்று கடையில் தானாக வாங்கிய இன்னொரு மாத்திரையும் அவர் கைப்பையில் கிடக்கும். இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம். பையைப் பார்ப்பது பார்மசி பிள்ளையின் பொறுப்பு. அது சொல்வதை டாக்டர் பிள்ளை காதில் போட்டுக்கொண்டால் நோயாளி எழுந்து நடந்து போகலாம். இல்லையென்றால் பன்னிரண்டாவது நிமிடம் மணி அடிப்பேன். கதைப்படி அதற்குள் இரண்டு நாள் ஓடியிருக்கும். அக்கா விழ வேண்டும்.

ஒரு நாளைக்கு ஐந்து குழு. நான்கிலாவது விழுந்தே தீர வேண்டியிருக்கும். எட்டு வருடத்தில் மெத்தை போர்வையாக மெலிந்துவிட்டது, அக்காவின் இடது இடுப்பும் கெட்டுவிட்டது. இன்னொரு முறை பலமாக அடிபட்டால் அறுவை சிகிச்சைதான் என்று அவருடைய டாக்டர் சொல்லிவிட்டார். புது மெத்தை கேட்டு நான் எழுதிய மூன்று கடிதமும் கிணற்றில் போட்ட கல். விழாமல் சாய்ந்து மட்டும் பாருங்கள் என்று ஒருமுறை சொன்னேன். சாய்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்து ஒரு மகானுபாவன் விளக்கை அணைத்தான்.

அன்றைக்கு முதல் நான்கு குழுவுக்கும் விழுந்தாயிற்று. நான்காவது முறை என் தோளைப் பிடித்துத்தான் எழுந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

“கடைசி குழுவுக்கு விழாதீங்கக்கா. மணி அடிச்சாலும் உக்காந்தே இருங்க.”

“அப்ப சரியாப் பண்ணிட்டோம்னு நினைச்சுக்குவாங்களே மேடம்.”

“அதை நான் சொல்லிப் புரிய வைக்கிறேன்.”

ஐந்தாவது குழுவில் பையனுக்கு வாய் நீளம், பார்மசி பெண்ணுக்குக் குரலே இல்லை. நான் வழக்கம்போல, வார்டை வெளியிலிருந்து கவனிக்க வைத்திருக்கும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். பையன் தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். மெத்தை ஓரமாக நகர்ந்தது. அந்தப் பெண் பையைப் பார்த்து, இரண்டு மாத்திரை அட்டையையும் எடுத்து, பெயர்களை நோட்டில் எழுதி வட்டம் போட்டாள்.

“இந்த ரெண்டும்...” என்று ஆரம்பித்தாள்.

“ஒரு நிமிஷம்,” என்றான், திரும்பாமலே. அந்த ஒரு நிமிஷம் முடியவே இல்லை. வலிக்கு இன்னொரு ஊசி வேறு எழுதினான். அவள் மறுபடி வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

மணி அடித்தேன். அக்கா சொன்னபடி உட்கார்ந்தே இருந்தார்.

“பாத்தியா, ஒண்ணும் ஆகல. நீ வேற பயமுறுத்தப் பாத்த,” என்றான் பையன்.

அவளும் ஒப்புக்குச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதியதை அடித்தாள். எழுத்துத் தெரியாத அளவுக்குத் திரும்பத் திரும்ப அடித்தாள். நான் அந்த நொடியே உள்ளே போயிருக்க வேண்டும். அசதி. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அக்கா அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்தார். மெத்தை இல்லாத தரையில் விழுந்த சத்தம் கண்ணாடியைத் தாண்டி எனக்குக் கேட்டது.

முதலில் ஓடியது அந்தப் பெண்தான். மண்டியிட்டு அக்காவின் கையைப் பிடித்தபடி பையனைப் பார்த்துக் கத்தினாள்: “அந்த ரெண்டு மாத்திரையும் சேரக் கூடாது. அதைத்தான் சொல்ல வந்தேன். நீ சொல்லவே விடல.”

அவன் பேனாவும் கையுமாக நின்றான். நானும் உள்ளே ஓடினேன். மூன்று பேருமாகச் சேர்ந்துதான் அக்காவைத் தூக்க முடிந்தது. அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தயங்கி, “அக்கா, நிஜமாவே வலிக்குதா?” என்றான்.

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

“எட்டு வருஷமா வலிக்குது தம்பி. அந்தப் பொண்ணைப் பேச விட்டிருந்தா இன்னைக்கு நாலோட நின்னிருக்கும்.”