கனகாம்பரம் என்ன நிறம்

தெப்பக்குளத்துக்குப் பக்கத்து ஜவுளிக்கடையில் வேட்டிப் பிரிவில் இருந்தவரை மாத்ருபூதத்துக்கு ஒரு தொல்லையும் இல்லை. தரைத்தளம். கண் போகும் இடமெல்லாம் வெள்ளை. கரை என்ன நிறம் என்று யாராவது கேட்டால், அட்டைப்பெட்டி ஓரத்தில் அச்சிட்டிருப்பதைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு "அரக்கு", "பாட்டில் பச்சை" என்று சொல்லிவிடுவார். நிதானமாகப் பேசுவார், யாரையும் அவசரப்படுத்த மாட்டார். கல்யாண வீட்டார் அவரையே தேடி வருவார்கள்.

அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. பிறவியிலேயே அப்படி. அது அவருக்கே தெரியவந்தது இளவயதில், ரயில்வே பரீட்சை எழுதித் தேறி மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோது. புள்ளிகள் நிறைந்த ஒரு பக்கத்தைக் காட்டி, இதில் என்ன எண் இருக்கிறது என்று கேட்டார்கள். அவருக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன. வெளியே காத்திருந்த அப்பா பிச்சமுத்து, பொன்மலைப் பணிமனையில் ஃபிட்டர், விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னார்: "மார்க் பத்தலைன்னு சொல்லிடு. கண்ணுல கோளாறுன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

மாத்ருபூதம் அப்படியே சொன்னார். பிறகு உறையூரில் பெண் பார்த்துக் கல்யாணம் நடந்தது. மனைவி பானுவிடமும் அதையேதான் சொன்னார். அப்பா காலமான பின்னும் அந்தப் பொய்யை விட்டு வெளியே வரும் வழி அவருக்குத் தெரியவில்லை.

போன மார்கழியில் மாடியில் பட்டுப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். தை முகூர்த்தக் கூட்டம் தொடங்க இருந்தது. மேலாளர் அமிர்தராஜ் மாத்ருபூதத்தைக் கூப்பிட்டார்.

"நாளையிலேர்ந்து நீங்கதான் பட்டு செக்‌ஷன் பாக்கறீங்க."

"வேணாங்க சார். நான் கீழயே இருந்துக்கறேன்."

"எல்லாரும் மேல போகணும்னு என்னைப் பிடுங்கறாங்க. நீங்க வேணாங்கறீங்க. ஏன்னு சொல்லுங்க, கேக்கறேன்."

ஏன் என்பதற்கு அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தார். அன்று மாலை பானு சந்தோஷத்தில் கேசரி கிளறினாள். அவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்திவைத்தார்.

மாடிக்கு வருகிறவர்கள் சிவப்பு, பச்சை என்றெல்லாம் கேட்பதில்லை என்பது முதல் நாளே தெரிந்துபோயிற்று. அங்கே நிறமெல்லாம் பூவாக இருந்தது. தாமரைக் கலர் காட்டுங்க, கத்தரிப்பூ இருக்கா, கனகாம்பரத்தில் சின்ன பார்டர் வேணும் என்பார்கள். ஓர் அம்மாள் வாடாமல்லி கேட்டபோது, மல்லி என்ற சொல்லை நம்பி, வெளிர்ந்த புடவைகள் இருந்த தட்டை நோக்கிக் கையை நீட்டிவிட்டார். விற்பனைப் பெண் ஷெர்லின் குறுக்கே புகுந்து வேறு தட்டிலிருந்து ஒன்றை உருவிப் போட்டாள்.

அந்த அம்மாள் போனபின் சிரித்தாள். "என்ன சார், வாடாமல்லி கேட்டா சந்தனத்துக்குப் போறீங்க? அது மல்லியே இல்ல சார். பறிச்சு நாளானாலும் நிறம் போகாது, அதான் வாடாத மல்லின்னு பேரு. நீங்க பாத்ததே இல்லையா?"

"கவனிக்கலைம்மா" என்றார். அந்தப் பூவை அவர் பார்த்திருக்கிறார். சாம்பல் கலந்த நீலமாக இருக்கும், அவருக்கு.

அதன்பின் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். எந்தத் தட்டில் எந்தப் பூ என்று மனப்பாடம் செய்துகொண்டார். முடிந்தவரை தான் எடுக்காமல், "ஷெர்லின், கனகாம்பரத்தில் நாலு எடும்மா" என்று குரல் கொடுத்தார். மற்றவர்களுக்கு அது அதிகாரமாகத் தெரிந்தது. "மேல வந்ததும் மாத்ருபூதம் அண்ணன் முறுக்கிக்கிட்டாரு" என்று கீழே பேசிக்கொண்டார்கள். அவரோ ஷெர்லின் தண்ணீர் குடிக்கப் போனாலும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடை மூடிச் சாலையில் இறங்கியதும்தான் மூச்சு சீராகும்.

தை பிறந்த பின் ஒரு மதியம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்ரீநிவாஸ் என்பவர் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். மகளுக்கு நிச்சயதார்த்தப் புடவை. ஷெர்லின் சாப்பிடப் போயிருந்தாள்.

"கனகாம்பரக் கலர்ல, உடம்பு முழுக்க ஜரிகை இல்லாம, நன்னா ஒண்ணு காட்டுங்கோ" என்றாள் மாமி. அவள் தலையில் மல்லிகையோடு கனகாம்பரமும் வைத்துக் கட்டிய சரம்.

மாத்ருபூதம் கனகாம்பரத் தட்டிலிருந்து மேலே இருந்த புடவையை எடுத்து விரித்தார். காலையில் கூட்டம் கலைத்துப் போட்டதை யாரோ அவசரத்தில் மாற்றி அடுக்கியிருந்தார்கள். அது அவருக்குத் தெரியாது.

"அசல் கனகாம்பரம்ங்க. பூவைப் பக்கத்துல வச்சா வித்தியாசமே தெரியாது."

மாமி புடவையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ஏன்னா, இவர் கேலி பண்றாரா? இலைப் பச்சைன்னா இது!"

ஸ்ரீநிவாஸ் சிரித்தார். "அவரைச் சொல்லாதே. அந்தப் பேரே தகராறு. கனகம்னா பொன். அம்பரம்னா வஸ்திரம். பெருமாள் உடுத்திக்கற பீதாம்பரம் மாதிரிதான், பொன்னாடை. பேரை வெச்சுப் பாத்தா அந்தப் பூ பொன்னிறமா இருக்கணும். அது எங்க அப்படி இருக்கு?"

"போறும். கடைக்கு வந்து நிகண்டு படிக்காதேங்கோ" என்றாள் மாமி.

மாத்ருபூதம் அசையாமல் நின்றார். கையில் இருந்த புடவையும் மாமி தலையில் இருந்த பூவும் அவர் கண்ணுக்கு ஒரே நிறம். மங்கிய பொன். சின்ன வயதிலிருந்து அந்தப் பூ அவருக்கு அப்படித்தான். யாரோ ஒருவர் எப்போதோ அதைப் பார்த்துப் பொன் என்று பேரும் வைத்திருக்கிறார். இத்தனை காலம் தான் மட்டும் தப்பாகப் பார்ப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பொன்னிறமாத்தாங்க தெரியுது" என்றார். சொல்ல நினைத்துச் சொன்னதல்ல. வாயிலிருந்து விழுந்துவிட்டது. "பூவும் அப்படித்தான். இந்தப் புடவையும் அப்படித்தான்."

மகள்தான் மெல்லக் கேட்டாள்: "அங்கிள், உங்களுக்குக் கலர் பிளைண்டா?"

டிபன் டப்பாவோடு திரும்பி வந்த ஷெர்லின் காதில் அது விழுந்தது. பக்கத்துக் கவுன்ட்டரிலும் விழுந்தது. அமிர்தராஜ் வருவதற்குள் மாடி முழுக்கத் தெரிந்துவிட்டது.

யாரும் அவரைத் திட்டவில்லை. "இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே" என்று அமிர்தராஜ் வருத்தப்பட்டார். வேட்டிப் பிரிவுக்கே திருப்பி அனுப்பும்படி மாத்ருபூதம் கேட்டார். அங்கே அவர் இடத்தில் பிரவீன்ராஜைப் போட்டாயிற்று, அவனை எடுக்க முடியாது, மாடியிலேயே இருக்கட்டும் என்று பதில் வந்தது.

வீட்டுக்கு வந்து, அப்பா சொல்லிக்கொடுத்த பொய் உட்பட எல்லாவற்றையும் பானுவிடம் சொன்னார். "உங்கப்பா சொன்னாரு, சரி. அவர் போனப்புறமும் எங்கிட்டச் சொல்ல என்ன பயம்? நான் விட்டுட்டுப் போயிடுவேன்னா?" என்றாள். அவள் எழுந்துபோய்த் துணி மடித்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து மடித்தார்.

ரகசியம் போனால் விடுதலை என்று நினைத்திருந்தார். நடந்தது வேறு. கடையில் பார்க்கிறவர்கள் எல்லாம் பேனா மூடியை, சட்டையை, பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டி "அண்ணே, இது என்ன கலர்?" என்று கேட்டார்கள். டீ கொண்டு வருபவரும் கேட்டார். தெருவில் மைத்துனரும் கேட்டார். பானுவே ஒருநாள் தக்காளியைக் காட்டிக் கேட்டாள், கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒளிந்திருந்த இடத்திலிருந்து இழுத்து வந்து கூண்டில் நிறுத்தியது போல இருந்தது அவருக்கு. இரண்டு தரம் ராஜினாமா எழுதலாமா என்று யோசித்தார். இந்த வயதில் வேறு எங்கே போவது?

மாசியில் மணப்பாறையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் இரண்டு புடவைகளைத் தூக்கிப் பிடித்து, "எது எடுப்பா இருக்கும், நீங்களே சொல்லுங்க" என்றார்.

மாத்ருபூதம் ஷெர்லினைத் தேடவில்லை. "எனக்கு நிறம் சரியாப் பிடிபடாதுங்க. பொறக்கறப்பவே அப்படி. பட்டு எப்படி, ஜரிகை எப்படி, கட்டினா எத்தனை நாள் தாங்கும், கேளுங்க, சொல்றேன். நிறத்தை நீங்க பாத்துக்கங்க."

கணவர் சங்கடத்தோடு மனைவியைப் பார்த்தார். "இல்லைங்க, நாங்க அந்தப் பக்கம் பாத்துக்கறோம்" என்று அடுத்த கவுன்ட்டருக்குப் போய்விட்டார்கள்.

அவர் இரண்டு புடவைகளையும் மடித்தார். "ஷெர்லின், இது எந்தத் தட்டும்மா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகக் கேட்டார்.

"ஒண்ணு தாமரை, ஒண்ணு கத்தரிப்பூ சார். கைல மேல இருக்கறது தாமரை."

அவர் திரும்பி, அந்தந்தத் தட்டில் வைத்தார்.