பாம்புக்குப் பெண் பார்க்கப் போனோம்

என்னுடைய பைத்தானுக்கு ஜோடி தேடி இன்று நோர்பரியில் ஒரு வீட்டுக்குப் போனேன். மரக்கறிக் கடைக்குப் போகவேண்டும் என்று அம்மாவும் கூடவே வந்துவிட்டார்.

என்னுடையவன் அல்பினோ. வெள்ளையும் மஞ்சளுமாக மினுங்குவான். வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்து காட்டிய பெண் பாம்போ மண்ணிறம்.

அம்மா தள்ளி நின்று பார்த்துவிட்டு என் காதுக்குள் சொன்னார்: "பொம்பிளை வடிவுதான் தம்பி. ஆனா நிறம் காணாது. எங்கட பிள்ளைக்குச் சரிவராது."

வீட்டில் அந்தப் பாம்பு இருக்கும் அறைப்பக்கமே போகாதவர். இன்றைக்கு மட்டும் அது எங்கட பிள்ளை!

"அம்மா, இவவின்ர தாய் அல்பினோ. அந்த நிறம் இவவுக்குள்ள ஒளிச்சிருக்கு. என்ர ஆளோட சேர்த்தா குட்டிகளில பாதி வெள்ளையாய் வரலாம்."

"பாத்தாத் தெரியாதோ?"

"தெரியாது. குடும்பத்தை விசாரிக்கவேணும்."

மரக்கறியும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம். இறங்குகிற நேரம் அம்மா மெல்லக் கேட்டார்:

"உனக்குப் பாத்து, நிறம் காணாதெண்டு நாங்கள் வேண்டாமெண்ட கிங்ஸ்பரிப் பிள்ளை... அவவின்ர தாய் நல்ல வெள்ளையெல்லோ? நம்பர் வச்சிருக்கிறியோ?"

'நாங்கள்' இல்லை, அம்மாதான் வேண்டாம் என்றவர். எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

நம்பர் இருக்கிறது. ஆனால் எடுத்து என்ன சொல்வது? "ஒரு பாம்பைப் பாத்தாப்பிறகு அம்மா உங்களுக்கு ஓமெண்டிட்டா" என்றா?

யாராவது நல்ல முதல் வசனம் ஒன்று எழுதித் தாருங்கள். அதில் பாம்பு வரக்கூடாது.