மடங்கிய விரல்

கம்பத்துக்கு மேற்கே திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ஒச்சாண்டி எதையும் விரலை மடக்கித்தான் காட்டுவார். பிஞ்சைப் பார்த்து விரலை நீட்டினால் அது அழுகிப்போகும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. மற்றவர்கள் பிஞ்சுக்கு மட்டும் மடக்குவார்கள். இவர் பஸ்ஸுக்குக்கூட மடக்குவார். தேவாரத்துக்கு வழி கேட்ட ஒருவர், குத்த வருகிறாரென்று பயந்து விலகிப் போனதும் உண்டு.

"பொண்ணு பாக்க வந்தப்பவும் அவுக ஆத்தாகிட்ட என்னைய இப்பிடித்தான் காட்டுனாக. நானும் பிஞ்சுன்னு நெனச்சுட்டாக போல" என்று அவர் மனைவி சந்தனம்மாள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

எழுபத்திநாலில் நல்ல காய்ப்பு. பந்தல் முழுக்கக் கொத்துக்கொத்தாகப் பிஞ்சு. நெருக்கமான மணிகளைக் கத்தரியால் கழிக்க வேண்டும். ஆயில் இன்ஜின் ஓடும்போது பேச்சுக் காதில் விழாது. அதனால் ஒச்சாண்டி கிணற்று மேட்டில் நின்றபடி மடக்கிய விரலால் கொத்தைக் காட்டுவார். சந்தனம்மாள் அதைப் பிடித்துக் கத்தரிப்பாள். வருஷக்கணக்காக அவர்களுக்குள் இருந்த வழக்கம் அது.

அன்று அவள் தலைக்கு மேலே, குருவிக்கூட்டை ஒட்டி, நல்ல பாம்பு கிடப்பதைக் கண்டார்.

"ஏய், அங்கன பாரு, பாம்பு!" என்று அலறினார்.

இன்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. ஏதோ தோன்றி அவள் திரும்பிப் பார்த்தாள். ஓடிவந்துகொண்டே கையை வீசிக் காட்டினார். அந்த நேரத்திலும் பாழாய்ப்போன விரல் மடங்கியேதான் இருந்தது. அந்தக் கொத்தைச் சொல்கிறார் என்று எண்ணி, சரி என்று தலையாட்டிவிட்டு, அவள் கையை மேலே கொண்டுபோனாள்.

ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பாதி வழியிலேயே பேச்சுக் குழறியது. "நீங்க காட்டுன கொத்தத்தானங்க புடிச்சேன்" என்றாள். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் இல்லை.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் ஒச்சாண்டி பந்தலுக்குள் போனார். ஒருமுறை, ஒரே ஒருமுறை விரலை நீட்டியிருந்தால், ஏதோ விபரீதம் என்று அவளுக்குப் புரிந்திருக்குமே! அந்த நினைப்பு அவரை அறுத்தது. ஒவ்வொரு கொத்தாக விரலை நீட்டிக்கொண்டே நடந்தார்.

"அழுகு! எல்லாம் அழுகிப் போ!"

பக்கத்துத் தோட்டத்துச் சுருளியாண்டி ஓடிவந்து கையைப் பிடித்தும் அவர் நிறுத்தவில்லை. கடைசிக் கொத்துவரை நீட்டினார்.

அந்த வருஷம் லாரி கொள்ளாத விளைச்சல். ஒரு பிஞ்சுகூட அழுகவில்லை.