ஈரமா, காஞ்சிடுச்சா?

ஊசி அக்காவுக்குத் தேங்கி நிற்கும் தண்ணீரைக் கண்டாலே ஆகாது. பேருந்து நிறுத்தமோ, பள்ளிக்கூட வாசலோ, பக்கத்து வீட்டுக்காரர் ஆசை ஆசையாக வளர்க்கும் புல்தரையோ, எங்கே ஒரு குட்டை கண்ணில் பட்டாலும் அவளுடைய வலது குதிகால் தானாக நகரும். பள்ளமான பக்கமாக மண்ணைக் கீறித் தண்ணீருக்கு ஒரு வழி விட்டுவிட்டுத்தான் பழைய இடத்துக்கு வரும். 'வாய் திறந்து விடுறது' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். பேச்சு ஒரு பக்கம் நடந்துகொண்டே இருக்கும், கால் ஒரு பக்கம் அதன் வேலையைப் பார்க்கும்.

இந்தப் பழக்கத்தால் மானம் போனதும் உண்டு. அவளுடைய தம்பி தன் வீட்டுக்கு மேலே ஒரு மாடி எடுத்தான். கான்கிரீட் போட்ட கையோடு, அது நன்றாக இறுக வேண்டும் என்று தளம் முழுக்க மண்ணால் வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். பார்க்கப் போன அக்கா, "நல்லா இருக்குடா, காத்து பிச்சிக்கிட்டு வருது" என்று வாயாரப் பாராட்டிக்கொண்டே ஒவ்வொரு வரப்பாக உடைத்துக்கொண்டு நடந்தாள். தண்ணீர் படியில் இறங்கி, வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனது. அப்போதுதான் தம்பிக்கு விஷயம் உறைத்தது.

"ஐயோ அக்கா! அது காயக்கூடாதுன்னுதானே தண்ணி கட்டி வெச்சிருக்கு!"

இன்றைக்கும் அந்த வீட்டில் மாடிக்குப் போவதென்றால், அக்காவைக் கீழே நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ஏதாவது சாப்பிடக் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்கள் ஏறுவார்கள்.

அவள் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனை நிலையத்தில். ஊரில் பாதிப் பேர் அவளிடம் கை நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டவர்கள்தான். ஊசி அக்கா என்ற பெயர் அப்படி வந்தது. கட்டை விரலால் முழங்கையை ஒரு தரம் அழுத்துவாள், நரம்பு எங்கே என்று தெரிந்துவிடும். "முடிஞ்சுது, கைய மடக்குங்க" என்று சொல்லும்வரை பலருக்கு ஊசி போட்டதே தெரியாது.

கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஊருக்கே வாத்தியார். பகலெல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "பிரேக்! பிரேக்!" என்று தொண்டை கிழியக் கத்துகிற மனிதர், விடுமுறை நாளில் தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிளில் ஏறினால் பிரேக் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்துவிடுவார். ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்றில், மரங்களுக்கு நடுவே ஓராள் அகலத்துக்கு வளைந்து வளைந்து இறங்கும் சைக்கிள் தடம் ஒன்று உண்டு. அவரைப் போன்ற கிறுக்கர்கள் ஒன்றுசேர்ந்து வெட்டியது. அவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறுவார்கள், அலறிக்கொண்டு கீழே வருவார்கள், மறுபடியும் தள்ளிக்கொண்டு ஏறுவார்கள். இதில் என்ன சுகம் என்று அக்காவுக்கு இன்றுவரை விளங்கியதில்லை. அவளுக்குச் சைக்கிள் விடவும் தெரியாது.

கல்யாணமான புதிதில் கீழே நின்று அவருக்காகக் காத்திருப்பாள். சும்மா நிற்க முடியாத பிறவி. ஒரு நாள் தடத்தில் நின்ற குட்டையைக் குச்சியால் கீறி விட்டாள். அடுத்த வாரம் வந்து பார்த்தால் அந்த இடம் கெட்டியாகக் காய்ந்திருந்தது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது பைத்தியம். குச்சி போய் மண்வெட்டி வந்தது. மழை கொட்டும்போது மற்றவர்கள் போர்வைக்குள் நுழைவார்கள், இவள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு குன்றுக்குக் கிளம்புவாள். தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது, எங்கே இலை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பதை மழையில்தானே பார்க்க முடியும்?

சைக்கிள்காரர்களையும் விட்டுவைக்கவில்லை. ஈரத்தில் ஒரு சக்கரம் போனால் தடத்தில் பள்ளம் விழும், பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், அடுத்து வருகிறவர் செருப்பு நனையாமல் போகிற மகாராஜா மாதிரி ஒதுங்கிப் போவார், ஓராள் தடம் மாட்டு வண்டிப் பாதையாகிவிடும். இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், மேலே தடம் இறங்கத் தொடங்கும் இடத்தில் இரண்டு கம்பம் நட்டு ஒரு சங்கிலி மாட்டினாள். மழைக்குப் பிறகு தினமும் காலையில் போய், மேல்மண்ணை விலக்கி உள்ளேயிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடிப்பாள். கையை விரித்ததும் உருண்டையாக நின்றால், சைக்கிள்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வார்த்தை விழும்: 'ஈரம்.' உதிர்ந்து போனால்: 'காஞ்சிடுச்சு.' அதற்கு மேல் விளக்கமும் கிடையாது, விண்ணப்பமும் செல்லாது. 'காஞ்சிடுச்சு' வந்தால் குழுவே ரெண்டுபடும்.

போன மழைக்காலத்தில் 'ஈரம்' என்று போட்டிருந்த ஒரு நாள், வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்காரிதானே போட்டிருக்கிறாள் என்ற தெம்பில் சங்கிலியைத் தாண்டிவிட்டார். பாறையை ஒட்டித் திரும்பும் வளைவில் சைக்கிள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தடத்துக்கு மேலே சரிவில் இலை அள்ளிக்கொண்டிருந்த அக்கா சத்தம் கேட்டு ஓடி வந்தாள். தொடை எலும்பு முறிந்து கிடந்த மனிதர், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"நீ சொன்னது சரிதாம்மா. ஈரம்தான்."

தொடைக்குள் கம்பி வைத்தார்கள். மருத்துவமனைக் கட்டிலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சத்தியம் செய்தார். இனி அவள் வாயிலிருந்து 'காஞ்சிடுச்சு' வராமல் அந்தச் சங்கிலிக்குப் பக்கத்தில் சைக்கிளோடு போவதில்லை. அக்கா அதை நெஞ்சில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

இந்த வருடம் மழை ஓய்ந்த சமயத்தில் மருத்துவர், "தாராளமா சைக்கிள் ஓட்டலாம்" என்று சொல்லிவிட்டார். வாத்தியார் குழந்தையாகிவிட்டார். சைக்கிளைக் குளிப்பாட்டினார், செயினுக்கு எண்ணெய் விட்டார். காலையில் சாப்பாட்டு மேசையில் தட்டுக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருப்பார். ஈரம் என்று வரும். முகத்தைத் தொங்கப் போடாமல், "மெதுவா காயட்டும், என்ன அவசரம்" என்று ஹெல்மெட்டை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, டிரைவிங் ஸ்கூலுக்குக் கிளம்புவார்.

மறுநாளும் ஈரம். அதற்கு மறுநாளும் அதே. வெயிலோ மண்டையைப் பிளந்தது. ஊரில் ஒரு லாரி போனால் எதிரில் இருப்பவர் முகம் தெரியாத அளவுக்குப் புழுதி. குன்றின் மண் மட்டும் எப்படி ஈரமாக இருக்கும்? இருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அக்காவின் கையில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அவள் கையைத் தட்டிவிட்டுப் பாறை வளைவுவரை நடந்து போவாள், அவர் விழுந்து கிடந்த இடத்தைப் பார்ப்பாள், திரும்பி வந்து 'ஈரம்' என்று போட்டுவிடுவாள்.

யாராவது சண்டைக்கு வந்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒருவரும் வரவில்லை. "மேல மரம் அடர்த்தி, வெயில் எங்க படுது" என்றார் ஒருவர். "அக்கா கை பொய் சொல்லாதுப்பா. என் நரம்பையே இருட்டுல கண்டுபிடிச்சவங்க" என்று குழுவில் இருந்த பேக்கரிக்காரர் எழுதினார். அதைப் படித்த அன்றைக்கு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் மேல் அவளுக்கே வெறுப்பாக இருந்தது, ஆனால் பயம் வெறுப்பைவிடப் பெரிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சங்கிலியருகே கூடினார்கள். சைக்கிளோடு அல்ல, மண்வெட்டியோடு. ஈரம் என்றால் வேலை இருக்கும், உதவலாம் என்று வந்த நல்ல ஜனங்கள். வாத்தியாரும் லேசாகக் காலைச் சாய்த்து நடந்து வந்திருந்தார். "எங்க முன்னாடி ஒரு தடவை பாருங்கக்கா" என்றார் பேக்கரிக்காரர், ஆசையோடு, சந்தேகமே இல்லாமல்.

அக்கா குனிந்து ஒரு பிடி எடுத்தாள். இறுக்கினாள். விரல்களுக்குள் மண் தவிடாக உடைவது தெரிந்தது. விரிக்காமலே கையை, தடத்து வேலைக்கென்று மாட்டியிருந்த பழைய கோட்டின் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டு நாள் ஆகும்."

வாத்தியார் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து, அவள் எடுத்த அதே இடத்தில் அவரும் ஒரு பிடி எடுத்தார். இதோ விரிக்கப் போகிறார், எல்லோர் முன்னாலும் தன் பொய் கொட்டப் போகிறது என்று அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஈரம்தான்" என்றார் வாத்தியார். "நல்லா பிசுபிசுன்னு இருக்கு. வாங்க, டீ சாப்பிடலாம்."

கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு அவரே முன்னால் நடந்தார்.

மதியம் துணி துவைக்கப் போடும்போது அக்கா வழக்கம்போலப் பைகளைத் துழாவினாள். கோட்டுப் பையிலிருந்து புழுதி கொட்டியது. அவருடைய கால்சட்டைப் பையைப் புரட்டினாள், அதிலிருந்தும் அதே புழுதி. குளியலறைத் தரையில் இரண்டும் ஒன்றாகக் கலந்துபோனது. நிமிர்ந்தால் வாத்தியார் குளியலறைக் கதவோரம் நிற்கிறார்.

"உங்க பையில என்னங்க இது?"

"மண்ணு."

"காஞ்ச மண்ணு."

"பின்ன, உன் பையில இருந்தது மட்டும் களிமண்ணா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பதற்குள் அழுகை முந்திக்கொண்டது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க. அன்னைக்கு நீங்க கிடந்தப்போ உங்களுக்கு அடியில தண்ணி ஓடிட்டு இருந்துச்சு. மேல நான் வாய் திறந்து விட்ட தண்ணி. கண்ண மூடினா அதுதான் தெரியுது."

வாத்தியார் கம்பி வைத்த காலை நீட்டி, சுவரைப் பிடித்து, ஒருவழியாகப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தண்ணி என்ன பண்ணும்? வேணாம்னு சொல்லியும் போனது நான். நீ இந்த ஜென்மம் முழுக்க ஈரம்னு சொன்னாலும் நான் தாண்ட மாட்டேன். ஆனா பேக்கரிக்காரர் என்ன பாவம் பண்ணினார், சொல்லு. இன்னைக்கு நான் கைய மூடிட்டேன். நாளைக்கு வேற யாராவது எடுத்துப் பார்த்தா? அக்கா வார்த்தை இவ்வளவுதானான்னு ஆயிடும். அடுத்த மழையில சங்கிலிய எவனும் மதிக்க மாட்டான். என்னை மாதிரி இன்னொருத்தன் விழுவான்."

அக்கா கலந்து கிடந்த புழுதியை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் குன்றுக்குப் போனாள். ஒரு பிடி எடுத்து இறுக்கி, கையை நன்றாக விரித்தாள். காற்று வந்து பாதியைக் கொண்டுபோயிற்று. சங்கிலியைக் கழற்றினாள். போனை எடுத்து அந்த ஒரு வார்த்தையை அடிப்பதற்குள் கண்ணாடியை இரண்டு முறை துடைக்க வேண்டியிருந்தது. போட்ட மறுநொடியே குழு அமளிதுமளிப்பட்டது.

முதலில் வந்து சேர்ந்தவர் வாத்தியார்தான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே தூங்கினாரோ என்னவோ. சங்கிலி இல்லாத கம்பங்களுக்கு முன்னால் வந்து நின்றவர், உள்ளே போகவில்லை.

"வாயால சொல்லு" என்றார்.

"அதான் போட்டுட்டேனே."

"நான் சத்தியம் பண்ணினது உன்கிட்ட. போன்கிட்ட இல்ல."

"காஞ்சிடுச்சு" என்றாள் அக்கா. கண்ணாடிக்கு அடியில் ஒரு துளி இறங்கியது.

அவர் கையுறையைக் கழற்றி, கட்டை விரலால் அவள் கண்ணுக்குக் கீழே ஒரு தரம் அழுத்திப் பார்த்தார்.

"எங்க காஞ்சுது? இங்க இன்னும் ஈரமாத்தான் இருக்கு."

"அது நீங்க திரும்பி வந்தாத்தான் காயும். போயிட்டு வாங்க."

அவர் போனார். அக்கா சங்கிலியைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல், காதை மட்டும் தடத்தின் மேல் வைத்து நின்றாள். சக்கரத்தில் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் தூரமாயிற்று. பாறை வளைவு வந்திருக்க வேண்டும். அங்கே பிரேக் கிரீச்சென்று நீளமாகக் கத்தியது. அவளுக்குத் தெரிந்து வாத்தியார் அந்த வளைவில் பிரேக் பிடித்தது அதுதான் முதல் தடவை.