புள்ளியில்லாத பருத்தி

போன வாரம் என் மகள் செல்போனில் ஒரு செயலியைக் காட்டினாள். எந்தச் செடியைப் படமெடுத்தாலும் பெயர் சொல்லிவிடுமாம். பக்கத்து வீட்டுக்காரர் தொட்டியில் வளர்க்கும் பருத்தியைப் படமெடுத்தேன். கொஞ்சமும் தயங்காமல் மரவள்ளி, அதாவது எங்கள் ஊர் ‘மரச்சீனி’, என்றது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அது தெரியாமல் செய்த தப்பை, நாகர்கோவிலில் பி.எஸ்ஸி. தாவரவியல் படித்த காலத்தில் நாங்கள் தெரிந்தே செய்தோம்.

நாங்கள் என்றால் நானும் ஜெசிந்தாவும். அவள் குளச்சல்காரி, அப்பாவுக்குச் சொந்தமாக வள்ளம் உண்டு. கடைசி ஆண்டு புராஜெக்டுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். கடற்பாசி வந்தால் வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம் என்று அவள் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருந்தாள். வந்ததோ ‘பருத்தி இலை வடிவங்கள், பத்துத் தாள்’. தாளுக்கு ஒரு வகை இலையை உலர்த்தி ஒட்ட வேண்டும். நெல்லும் தென்னையும் ரப்பரும் நிற்கிற மாவட்டத்தில் பருத்திக்கு எங்கே போவது? ஒரு வாரம் அவள் அந்தோணியாரோடு பேசவில்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, காற்றில் தாவணியைப் பிடித்துக்கொண்டு அலைந்து, ஒன்பது சேர்த்தோம். அதுவரை பருத்தி இலை என்றால் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். ஒன்று பூவரசு இலை மாதிரி முழுசாக இருந்தது. ஒன்று வாத்துக்கால் போல மூன்று மடல். இன்னொன்றுக்கு ஐந்து மடல், போதாததற்கு இடுக்கில் ஒரு குட்டிப் பல். ஒரே செடியில் அடியில் ஒரு முகம், உச்சியில் ஒரு முகம். இரண்டு முகம் காட்டும் எங்கள் ஹாஸ்டல் வார்டனே தேவலை. விரல் விரலாகக் கிழிந்த இலை மட்டும் கிடைக்கவில்லை. கொடுக்க வேண்டிய நாளுக்கு இரண்டே நாள்தான் இருந்தது.

ஜெசிந்தா ஹாஸ்டலுக்குப் பின்னால் போய் ஒரு மரச்சீனி இலையோடு வந்தாள்.

“ஏட்டி, இதுல ஏழு வெரலுல்லா இருக்கு?” என்றேன்.

“பின்ன பிளேடு எதுக்கு இருக்கு?”

இரண்டு விரலை நறுக்கி, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டினோம். ‘பறித்த இடம்: பூதப்பாண்டி’ என்று நான்தான் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். ஆயுசு முழுக்கப் பருத்தியோடு கிடந்தவர். ஒன்பது தாளை மளமளவென்று தள்ளினார். பத்தாவதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“பருத்தி இலையில பொடிப்பொடியாக் கறுப்புப் புள்ளி இருக்கணுமே. எங்க?”

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். “சார், இது புள்ளி இல்லாத ரகம்.”

அப்படி ஒன்று உண்டு என்று அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். அவர் முகமே மாறிவிட்டது. விஷம் அந்தப் புள்ளியில்தான் இருக்கிறதாம். புள்ளி இல்லாவிட்டால் பருத்திக்கொட்டையை மனிதர்களே தின்னலாமாம். எங்காவது தானாக முளைத்திருக்காதா என்று பல வருஷமாகத் தேடுகிறாராம். “நாளைக்கு எனக்கு அந்தச் செடியக் காட்டுங்கம்மா. வந்து மார்க் போடுறேன்” என்றார்.

மறுநாள் காலை மஞ்சள் பையோடு பஸ் ஸ்டாண்டில் எங்களுக்கு முன்பே நின்றார். ஜெசிந்தாவுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. தோற்றால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். பூதப்பாண்டியில் இறங்கி வெயிலில் நடந்தோம். எதிரே வந்தவர்களிடம் எல்லாம், இங்கே பருத்தி எங்கே கிடைக்கும் என்று கும்பிட்டுக் கேட்டார். “ஜவுளிக்கடையில” என்றார் ஒருவர்.

ஒரு வேலியோரம் சட்டென்று நின்றார். உள்ளே ஆள் உயரத்துக்கு மரச்சீனி. ஒரு இலையைக் கிள்ளினார். காம்பில் பால் வடிந்தது. பையிலிருந்து எங்கள் தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இது என்ன செடி?”

“மரச்சீனி சார்.” ஜெசிந்தா அழத் தொடங்கியிருந்தாள்.

“எதுக்கு?”

“கெழங்கு திங்கதுக்கு.”

கிழங்கைச் சந்தையில் பார்த்திருக்கிறார், செடியைப் பார்த்ததில்லை. தாளைக் கசக்காமல் பத்திரமாகப் பைக்குள் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை. ஒரு மனுஷனின் பல வருஷத்து ஆசையை பிளேடால் நறுக்கி ஒட்டியிருக்கிறோமே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“பசிக்குது” என்றார்.

சாப்பாட்டுக்கடையில் மரச்சீனியும் மீன்குழம்பும் வாங்கிக் கொடுத்தோம். முதல் வாயிலேயே நிமிர்ந்தார். இன்னொரு தட்டும் கேட்டார். “இதையா ஒட்டி வெச்சீங்க, பாவிகளா!” என்று ஒருவழியாகச் சிரித்தார். பத்தாவது தாளுக்குப் பூஜ்யம். மற்ற ஒன்பதுக்கும் ஒழுங்காக மார்க் போட்டார். ஜெசிந்தா தேறி, மேலே படித்து, தாவரவியல் பேராசிரியையே ஆகிவிட்டாள். அவளிடம் மாணவிகள் பயப்படுகிறார்களாம். கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

புள்ளியில்லாத பருத்தியைக் காணாமலே அந்தக் கரிசல்காட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார் என்று அவள்தான் சொன்னாள். வரிசை வரிசையாக அவர் வளர்த்து வைத்திருந்த விதவிதமான இலையுள்ள பருத்திகளை அவருக்குப் பின் யாரும் விதைக்கவில்லையாம்.

இந்த வருஷம் இருவரும் காரில் கணவாயைத் தாண்டிப் போனபோது, ஒரு பருத்திக்காட்டில் இறங்கினோம். முதல் வரிசை, நடு வரிசை, அடுத்த காடு, அதற்கும் அடுத்த காடு. எங்கும் கம்பெனி விதை, ஒரே மாதிரி மூன்று மடல். விரல் இலை ஒன்றாவது கிடைக்காதா என்று நான் விடாமல் குனிந்து குனிந்து தேடிக்கொண்டிருந்தேன்.

“எழும்பி வாட்டி” என்றாள் ஜெசிந்தா. “ஒண்ணப் பாத்தா எல்லாம் பாத்தாச்சு.”