மயிலிறகுக் கட்டு

கோவில்பட்டியிலிருந்து நாகலாபுரம் போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விவசாயியின் நெற்றி நிறையத் திருநீறு, மடியில் ஒரு கட்டு மயிலிறகு. வழியில் கோவில் தென்பட்டபோதெல்லாம் அந்தக் கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“காவடிக்கா?” என்று கேட்டேன்.

“ஆமா அண்ணாச்சி. நம்ம புஞ்சையில கிடைச்சதுதான். விதைச்ச மக்காச்சோளத்தப் பூராம் மயிலு கிளறித் தின்னுருது. தானியத்துல மருந்து கலந்து வச்சேன், மறுநாள் ஏழெட்டு செத்துக் கிடந்துச்சு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “முருகன் வாகனத்தையா கொன்னீங்க?”

“நான் எங்க கொன்னேன்? வரப்புல வச்சேன், அதுவா வந்து தின்னுச்சு. இறக வீணாக்காம முருகனுக்கே கொண்டு போறேன்லா!”

இறங்கும்போது அந்தக் கட்டாலேயே என் தலையைத் தடவி, “நல்லாயிருங்க” என்றார்.

வீட்டுக்கு வந்ததும், சாவு வீட்டுக்குப் போய் வந்தவனைப்போல, உள்ளே நுழையாமல் தலை முழுகினேன்.